உங்கள் கையிலுள்ள விதை எந்த வகை?

கடையில் தொங்கும் விதைப் பைக்கற்றின் முன்பக்கத்தைத்தான் நாம் எல்லோரும் பார்க்கின்றோம். பளபளக்கும் கத்தரிக்காய், ஒரே அளவான தக்காளி, முழ நீளப் பயற்றங்காய் என்று படங்கள் கண்ணைப் பறிக்கும். பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும் நான்கைந்து வரிகளை வாசித்துவிட்டு வாங்குவோர் மிகக் குறைவு. ஆனால் அடுத்த வருடமும் அதே காயைக் காசு கொடுக்காமல் எமது வளவில் பறிக்க முடியுமா என்பதற்கான பதில் அந்த வரிகளிலேதான் இருக்கின்றது.

சமூகவியல் படித்த ஒருத்தி விதையைப் பற்றி எழுதுவதேன் என்று சில வாசகிகள் நினைக்கக்கூடும். பயிர் நடுவதைச் சொல்லித்தர விவசாயப் போதனாசிரியர்கள் இருக்கின்றார்கள். என்னை இந்த விடயத்துக்கு இழுத்து வந்தது மாதர் சங்கத்தின் கடன் புத்தகம். கிளிநொச்சி மாவட்டத்தில் நான் பணிபுரியும் கிராமம் ஒன்றில், சுழற்சிமுறைக் கடன் எடுத்த பெண்கள் காரணம் எழுதும் பகுதியில் ‘விதை வாங்க’ என்ற சொற்கள் திரும்பத் திரும்ப வந்தன. வயலுக்கல்ல, தோட்டத்துக்குமல்ல, வீட்டு வளவில் நாலு கத்தரி, நாலு மிளகாய் நடுவதற்கு. அவர்களுடைய தாய்மாரின் காலத்தில் இப்படியொரு செலவே இருந்ததில்லை. அடுப்படியில் தொங்கிய சுரைக்குடுவைக்குள்ளும் சாம்பல் போட்ட போத்தலுக்குள்ளும் அடுத்த போகத்துக்கான விதை இருந்தது. பெண்ணின் கையில் இருந்த ஒரு பொருள் எப்போது கடைக்குப் போனது என்று விசாரிக்கத் தொடங்கியபோதுதான் விதைகளில் உள்ள வகைகளை நானும் கற்றுக்கொண்டேன்.

2021 ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டதும், 2022 இல் டொலர் இல்லாமல் நாடு திண்டாடியதும் எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்த வருடம் ஜூன் மாதத்தில் அரசாங்க ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை கொடுத்து வீட்டுத்தோட்டம் செய்யும்படி கேட்கும் அளவுக்கு நிலைமை போயிருந்தது. எமது கிராமத்திலும் ஒரு நிறுவனம் வீட்டுக்கு வீடு விதைப் பைக்கற்றுகள் கொடுத்தது. அந்தப் போகத்தில் விளைச்சல் மிக நன்றாக இருந்தது. பெண்கள் நல்ல பழங்களாகப் பார்த்து விதை எடுத்துக் காயவைத்து, 2023 இல் ஐப்பசி மழையோடு மீண்டும் போட்டார்கள்.

“பிள்ளை, முதல் வருசம் அடுக்கடுக்காக் காய்ச்சது. அதில எடுத்த கொட்டைதான் போட்டனான். இப்ப பார், ஒரு மரம் மாதிரி மற்ற மரம் இல்லை. ஒண்டு குட்டையா நிக்குது, ஒண்டு சவண்டு போய் நிக்குது. நிலத்துக்கு ஏதோ வந்திட்டுது எண்டு நான் சாணியா அள்ளிக் கொட்டினன்” என்றார் ஒரு அக்கா. கணவர் இல்லாமல் இரண்டு பிள்ளைகளை வளர்ப்பவர் அவர். தக்காளி விற்று வரும் காசில் பிள்ளையின் ரியூசன் கட்டணத்தைக் கொடுக்கலாமென்று கணக்குப் போட்டு வைத்திருந்தார். அவருடைய நிலத்துக்கு ஒன்றும் வரவில்லை, கைப்பக்குவத்திலும் பிழையில்லை. முதல் வருடம் அவர் பெற்ற பைக்கற்றின் பின்பக்கத்தில் ‘எப் 1’ என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தது. அதன் கருத்து என்னவென்று ஒருவரும் அவருக்குச் சொல்லவில்லை.

எப் 1 என்றால் என்ன?

எமது வீட்டுத்தோட்டங்களுக்கு வரும் மரக்கறி விதைகளைப் பொதுவாக மூன்றாகப் பிரிக்கலாம். முதலாவது, எமது ஊரிலேயே தலைமுறை தலைமுறையாக வைத்து நட்டு வந்த நாட்டு விதை. இரண்டாவது, ஆராய்ச்சி நிலையங்களில் தெரிந்தெடுத்து மேம்படுத்தி, விவசாயத் திணைக்களம் சிபாரிசு செய்து வெளியிட்ட வர்க்கங்கள். மூன்றாவது, கலப்பின விதை. ‘எப் 1’ என்பது இந்த மூன்றாவது வகையின் அடையாளம்.

கலப்பின விதையை உண்டாக்குபவர்கள் வேறுபட்ட இரண்டு தாய் தந்தை வர்க்கங்களைப் பல போகங்களாகத் தனித்தனியே பேணி வைத்திருப்பார்கள். ஒன்று நோயைத் தாங்கும், மற்றது நிறையக் காய்க்கும் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றின் மகரந்தத்தை மற்றதன் பூவில் சேர்த்துக் கிடைப்பதே எப் 1, அதாவது முதலாம் சந்ததி. அந்தச் செடிகளெல்லாம் ஒரே அச்சில் வார்த்தது போல வளரும், ஒன்றாகக் காய்க்கும், பலமாகவும் இருக்கும். ஆனால் அந்தப் பழத்தின் விதையை நாம் போட்டால் கிடைப்பது இரண்டாம் சந்ததி. பாட்டன் பாட்டியின் குணங்களெல்லாம் அங்கே பிரிந்து வெளிவரும். சாதாரண தரத்தில் விஞ்ஞானம் படிக்கும் பிள்ளையைக் கேட்டுப் பாருங்கள். கிரகர் மெண்டல் என்ற துறவி பட்டாணிச் செடிகளில் செய்து 1866 இல் வெளியிட்ட ஆய்வைச் சொல்லும். நெட்டையையும் குட்டையையும் கலந்தபோது முதலாம் சந்ததி முழுவதும் நெட்டை. அடுத்த சந்ததியில் நான்கில் ஒன்று குட்டை. ஒரு குணத்துக்கே இப்படியென்றால், உயரம், காயின் அளவு, நோய் தாங்கும் சக்தி என்று பல குணங்கள் சேரும்போது அக்காவின் தக்காளிப் பாத்தி எப்படியிருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம். விதை முளைக்காமல் போவதில்லை. முளைக்கும், காய்க்கவும் கூடும். ஆனால் எது எப்படி வருமென்று சொல்ல முடியாது.

எமது வளவுகளில் இதற்கு மிகவும் தெரிந்த உதாரணம் ‘றெட் லேடி’ பப்பாசி. அது கலப்பினம். சந்தையில் வாங்கிய பழத்தின் கொட்டையைப் போட்டு விட்டு, ‘அதே பழம்தானே, ஏன் அந்த இனிப்பு இல்லை’ என்று ஏங்குபவர்கள் பலர்.

இதை எழுதுவதால் கலப்பின விதையைக் கெட்டதென்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அதை மரபணு மாற்றப்பட்ட விதையென்று பயப்படுபவர்களும் இருக்கின்றார்கள். இரண்டும் ஒன்றல்ல. மரபணு மாற்றம் ஆய்வுகூடத்தில் நடப்பது. கலப்பினமோ பூவோடு பூவைச் சேர்ப்பது. சந்தைக்கு மிளகாயோ தக்காளியோ கொடுக்கும் குடும்பம், ஒரே அளவான காய்க்கும் நோய் தாங்கும் சக்திக்கும் கலப்பின விதையை விலை கொடுத்து வாங்குவது நியாயமான கணக்கே. ஆனால் அந்தக் கணக்கில் ஒவ்வொரு போகமும் விதைச் செலவையும் சேர்க்க வேண்டும். கறிச்சட்டிக்கு நடும் பெண்ணுக்கு, அடுத்த முறை காசில்லாமல் போடக்கூடிய விதையே பாதுகாப்பானது என்பது எனது கருத்து. எது வேண்டும் என்று அவளே முடிவெடுக்கட்டும். அதற்குக் கையிலிருப்பது எதுவென்று தெரிந்திருக்க வேண்டுமல்லவா?

இரண்டாவது வகையைப் பற்றி எமது பெண்களுக்கு ஓரளவு மட்டுமே தெரியும் என்பது எனக்கு வியப்பாக இருந்தது. வெண்டியில் எம்.ஐ. 5, மிளகாயில் எம்.ஐ. 2 என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். எம்.ஐ. என்பது மகா இலுப்பள்ளம ஆராய்ச்சி நிலையத்தைக் குறிக்கும். எமது திருநெல்வேலியின் பெயரும் நாடெங்கும் விதைப் பட்டியலில் இருக்கின்றது. ‘தின்னவேலி பர்ப்பிள்’ என்ற ஊதாக் கத்தரியும் ‘தின்னவேலி வைற்’ என்ற வெள்ளைப் பாகலும் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியின் பெயரைத் தாங்கியவை. இவை கலப்பினமல்ல. ஒழுங்காகத் தெரிந்தெடுத்தால் இவற்றின் விதையை நாமே எடுத்து மீண்டும் மீண்டும் நடலாம். விதை வாங்கும்போது ‘இது கலப்பினமா, விதை எடுக்கக்கூடியதா’ என்று கடைக்காரரிடம் கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை. பின்பக்கத்தில் வர்க்கத்தின் பெயர், பொதி செய்த திகதி, காலாவதித் திகதி, முளைதிறன் வீதம், மருந்து பூசப்பட்டதா என்ற விபரம் ஆகியவற்றைப் பாருங்கள். விற்பனைக்கு வரும் விதையின் தரத்தைக் கட்டுப்படுத்த 2003 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்க விதைச் சட்டம் இருக்கின்றது. பெயரோ திகதியோ இல்லாத பொலித்தீன் பொட்டலத்தைக் கடையில் விலை கொடுத்து வாங்காதீர்கள். அயல் வீட்டு அம்மா சேலைத் தலைப்பில் முடிந்து தரும் விதை வேறு விடயம்; அவருடைய வேலிக்கு அப்பால் தாய் மரத்தையே நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

நிறம் பூசிய விதை

இளஞ்சிவப்பு, நீலம், பச்சை என்று நிறம் பூசிய விதைகளைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். மண்ணிலுள்ள பங்கசு அழுக்காமல் இருக்க அவற்றில் மருந்து பூசியிருப்பார்கள். உண்ணக்கூடாது என்பதை அறிவிக்கவே அந்த நிறம். சோளமும் பயறும் இப்படி வரும்போதுதான் ஆபத்து அதிகம், ஏனெனில் அவை சாப்பாட்டுப் பொருள் போலவே இருக்கும்.

1971 இன் கடைசியில் ஈராக்கில் நடந்ததை அறிந்திருத்தல் நல்லது. வரட்சியால் விளைச்சல் கெட்டிருந்த அந்த நாட்டுக்கு, விதைப்பதற்காக மெதைல் இரசம் பூசிய கோதுமையும் பார்லியும் பெருந்தொகையாக இறக்குமதி செய்யப்பட்டன. சாக்குகளில் எச்சரிக்கை இருந்தது, ஆனால் அந்த மக்களுக்குத் தெரியாத ஸ்பானிய, ஆங்கில மொழிகளில். பெண்கள் தானியத்தைக் கழுவினார்கள், சிவப்பு நிறம் போய்விட்டது. நஞ்சும் போய்விட்டதென்று நினைத்தார்கள். சிலர் கோழிக்குப் போட்டுப் பார்த்து, அது சாகவில்லை என்றதும் உரொட்டி சுட்டார்கள். அந்த நஞ்சோ வாரக்கணக்கில் கழித்தே வேலை செய்யும். 6,530 பேர் வைத்தியசாலைகளில் சேர்க்கப்பட்டு, அவர்களில் 459 பேர் இறந்தனர் என்பது அரசாங்கக் கணக்கு. பட்டினிக் காலத்தில் விதை கொடுப்பவர்கள், வாங்குபவரின் மொழியில் நாலு வரி எழுதுவது எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிட உதாரணம் தேவையில்லை. இப்போது பூசும் மருந்துகள் வேறு. ஆனாலும் கழுவினால் சரி என்ற எண்ணம் இன்றைக்கும் பிழையானது. மிஞ்சிய நிற விதையைக் கோழிக்கும் போட வேண்டாம். கையால் தொட்டால் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

தன் வீட்டுக்குள்ளே சம்பந்தம், ஊர் விட்டுச் சம்பந்தம்

விதை எடுக்கக்கூடிய வகைதான் என்றாலும், எல்லாச் செடியிலும் ஒரே விதமாக விதை எடுக்க முடியாது. தக்காளி, பயற்றை, போஞ்சி, கௌபி, பயறு போன்றவற்றில் பெரும்பாலும் ஒரு பூ தன் மகரந்தத்தாலேயே கருக்கட்டிவிடும். புதிதாகத் தொடங்குபவர்கள் இவற்றில் தொடங்குவதே இலகு. பக்கத்துப் பாத்தியில் வேறு வர்க்கம் நின்றாலும் பெரிதாகக் கலக்காது.

மிளகாய், கத்தரி, வெண்டி ஆகியவை நடுத்தரம். தன் பூவிலேயே காய்க்கும், தேனீ வந்தால் கலக்கவும் செய்யும். உறைப்பு மிளகாயும் கறிமிளகாயும் அருகருகே நின்ற வளவில் கறிமிளகாய் விதை எடுத்து நட்டவர்களுக்கு இது நன்றாக விளங்கும். அடுத்த போகத்தில் சொதிக்குப் போட்ட கறிமிளகாய் வாயைச் சுடும். இதற்குச் செலவில்லாத ஒரு வழி இருக்கின்றது. பூ விரிய முன்னரே ஒரு கிளையைப் பழைய நுளம்பு வலைத் துண்டால் பை போலக் கட்டிவிடுங்கள். உள்ளேயே பூத்து, மெல்ல ஆட்டிவிட்டால் உள்ளேயே காய்க்கும். பிஞ்சு பிடித்ததும் வலையைக் கழற்றி, அந்தக் காய்களில் நூல் கட்டி வைக்கலாம்.

பூசணி, பாகல், புடோல், பீர்க்கு, சுரை, வெள்ளரி ஆகிய கொடிகள் மூன்றாவது கூட்டம். இவற்றில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. பெண் பூவின் அடியில் குட்டிக் காய் ஒன்று இருக்கும்; ஆண் பூவுக்கு வெறும் காம்பு மட்டும்தான். மகரந்தம் எந்த வீட்டு ஆண் பூவிலிருந்தும் வரலாம். நல்ல பூசணி விதையை அப்படியே வைத்திருக்க விரும்பினால், மறுநாள் விரியப் போகும் ஒரு பெண் பூவையும் இரண்டு ஆண் பூக்களையும் பின்னேரமே வாழைநாரால் கட்டிவிட வேண்டும். விடியற்காலையில் ஆண் பூவைப் பறித்து இதழ்களை உரித்துவிட்டு, பெண் பூவின் நடுவில் தடவி, பெண் பூவைத் திரும்பவும் கட்ட வேண்டும். பீர்க்கின் பூ மாலையில் விரியும். புடோலின் பூ இரவில் விரியும், அதற்குத் தேனீயல்ல, அந்துப்பூச்சிதான் தூது. ஆகவே அவற்றுக்கு நேரத்தை மாற்றிக்கொள்ள வேண்டும்.

இங்கே ஒரு மயக்கத்தைத் தீர்த்துவிட வேண்டும். பாகலுக்குப் பக்கத்தில் நட்டதால் பீர்க்கு கைத்தது என்று சொல்லுவார்கள். பாகலும் பீர்க்கும் ஒன்றோடொன்று கலப்பதேயில்லை. பூசணியும் நீற்றுப்பூசணியும் கலப்பதில்லை. ஆனால் வேலியோரம் தானாக முளைக்கும் பேய்ப்பீர்க்கு நல்ல பீர்க்கோடு கலக்கும், பேய்ப்புடோல் நல்ல புடோலோடு கலக்கும். அப்படிக் கலந்தாலும் இந்த முறை பறிக்கும் காயின் சுவை மாறாது. அதன் விதையை அடுத்த முறை போடும்போதுதான் கைப்பு வெளிவரும். (சோளம் மட்டும் விலக்கு, அதில் கலப்பு அந்தப் பொத்தியின் மணிகளிலேயே நிறமாகத் தெரியும்.) வழமைக்கு மாறாகக் கடுமையாகக் கைக்கும் சுரைக்காயையும் பீர்க்கங்காயையும் ‘வீணாக்கக்கூடாது’ என்று சமைக்க வேண்டாம். அந்தக் கைப்பு நஞ்சு. விதைக்கும் வைக்க வேண்டாம்.

பிஞ்சைச் சுட்டுவிரலால் காட்டினால் அழுகிவிடும் என்பதும், துடக்குக் காலத்தில் பெண்கள் கொடிப்பந்தலுக்குக் கீழே போகக்கூடாது என்பதும் எமது ஊர்களில் இன்னும் உயிரோடிருக்கும் நம்பிக்கைகள். மகரந்தம் போதியளவு சேராத பெண் பூவின் பிஞ்சு தானாக மஞ்சளித்து விழும். பழ ஈ குத்திய பிஞ்சு அழுகும். இதற்கெல்லாம் பழி எப்படியோ ஒரு பெண்ணின் விரலிலும் உடம்பிலும் வந்து சேர்ந்திருக்கின்றது. விதை பேணுவது முழுக்க முழுக்கப் பெண்ணின் வேலை, விளைச்சல் கெட்டால் தோஷமும் அவளுடையது என்ற இந்த ஏற்பாட்டைப் பற்றி வேறொரு கட்டுரையே எழுதலாம்.

முற்றல் காயா, முதல் காயா?

நான் பார்த்த வீடுகளில் விதைக்கென்று விடப்படும் காய் பெரும்பாலும் கறிக்கு உதவாமல் போன காய்தான். இலைக்குள் மறைந்திருந்து முற்றிப்போன வெண்டி, கடைசி ஆய்ச்சலில் மிஞ்சிய சுருங்கல் கத்தரி, விற்க முடியாத சின்னப் பூசணி. காரணம் விளங்குகின்றது. நல்ல காய் சந்தைக்குப் போனால் காசு, சட்டிக்குப் போனால் பிள்ளைக்குச் சாப்பாடு. அதைக் கொடியில் விட்டு வைக்க மனம் வராது. ஆனால் வருடா வருடம் கடைசிக் காயையே விதைக்கு எடுத்தால், பிந்திக் காய்க்கும் குணத்தையும் மெலிந்த குணத்தையுமே நாம் தெரிந்தெடுத்து வளர்க்கின்றோம் என்றாகிவிடும். ‘விதை தேய்ந்து போச்சு’ என்று அம்மாமார் சொல்வதன் ஒரு பகுதி இதுவே.

காயைப் பார்த்து விதை எடுப்பதைவிட மரத்தைப் பார்த்து எடுக்க வேண்டும். நோயில்லாமல், முந்திக் காய்த்து, மழை விட்ட பிறகும் வாடாமல் நிற்கும் மரத்தில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிடுங்கள். வீட்டிலுள்ளவர்களுக்கும் அந்தத் துணியின் கருத்தைச் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் மருமகளோ மகனோ பறித்துவிடுவார்கள். அந்த மரத்தின் இரண்டாவது, மூன்றாவது காயை விதைக்கு விடலாம். கொடிப் பயிர்களில் ஒரே காயில் எடுக்காமல் நாலைந்து கொடிகளின் காய்களில் எடுத்துக் கலப்பது நல்லது.

கத்தரியை மரத்திலேயே மஞ்சளாகும் வரை விட வேண்டும். கறிக்குப் பறிக்கும் பருவத்தில் அதன் விதை முற்றியிருக்காது. வெண்டியும் பயற்றையும் மரத்திலேயே காய்ந்து சலசலக்க வேண்டும். மிளகாய் முழுதாகப் பழுக்க வேண்டும். தக்காளி விதையைச் சுற்றி வழுவழுப்பான சவ்வு ஒன்று இருக்கின்றதல்லவா, அது முளைப்பதைத் தடுக்கும். பழத்தைப் பிழிந்து கிளாசில் இரண்டு நாள் புளிக்க விட்டால் சவ்வு கரையும், நல்ல விதை அடியில் தங்கும், பதர் மிதக்கும். மணக்கத்தான் செய்யும், அடுப்படிக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் நாளுக்கு மேல் விட்டால் உள்ளேயே முளைத்துவிடும்.

எமது பக்கத்தில் ஐப்பசி, கார்த்திகை மழையில் நட்டவை தை, மாசியில் முற்றுவது ஒரு வசதி. விதை காய வெயில் கிடைக்கும். ஆனால் உச்சி வெயிலில் சீமெந்து நிலத்திலோ தகரத்திலோ பரப்ப வேண்டாம். காலை வெயிலும் பிறகு நிழலும் போதும். காய்ந்த விதையின் ஈரப்பதன் ஒரு வீதம் குறைந்தால் அதன் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும், வைக்கும் இடத்தின் வெப்பம் 5 பாகை செல்சியஸ் குறைந்தாலும் அவ்வாறே என்பது விதைகளைப் பேணுபவர்கள் பின்பற்றும் கணக்கு. எமது பாட்டிமார் சாம்பலையும் வாய் இறுகிய குடுவையையும் பயன்படுத்தியதன் காரணம் இதுவே. இன்றைக்குக் காய்ந்த ஜாம் போத்தல் போதும். அடியில் வறுத்து ஆறவிட்ட ஒரு பிடி அரிசியைத் துணியில் முடிந்து போட்டால் மிஞ்சிய ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும். பயறு, கௌபி போன்றவற்றுக்கு வண்டு வராமல் காய்ந்த வேப்பிலையும் சாம்பலும் சேர்க்கலாம். குளிர்சாதனப் பெட்டி இருந்தால் இறுக மூடிய போத்தலோடு உள்ளே வைக்கலாம். பெயரும் மாதமும் எழுதி ஒட்ட மறக்க வேண்டாம். கத்தரி விதையும் மிளகாய் விதையும் காய்ந்த பிறகு எவ்வளவு பழகிய கண்ணையும் ஏமாற்றும்.

போடுவதற்கு முன் பத்து விதையை ஈரத்துணியில் சுற்றி வைத்துப் பாருங்கள். எட்டு முளைத்தால் தாராளமாகப் போடலாம். ஐந்து என்றால் நெருக்கமாகப் போட வேண்டும். இரண்டு மூன்று என்றால் அந்த விதைக்காகப் பாத்தி கொத்தி நாளை வீணாக்காதீர்கள். பாகல், புடோல் போன்ற தடித்த தோல் விதைகளை ஓரிரவு ஊறவிட்டுப் போட்டால் விரைவாக முளைக்கும்.

எல்லா விதையையும் இப்படி வைத்திருக்க முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பலாக்கொட்டை, மாங்கொட்டை, கறிவேப்பிலைப் பழத்தின் விதை ஆகியவை காய்ந்தால் செத்துவிடும். பழம் சாப்பிட்ட கையோடு நட்டுவிட வேண்டும். மரவள்ளித் தடி, வத்தாளங் கொடி, சின்ன வெங்காயம் ஆகியவற்றில் நாம் நடுவது விதையே அல்ல, தாய்ச் செடியின் ஒரு துண்டு. குணம் மாறாது, ஆனால் தாயின் நோயும் கூடவே வரும். இலை சுருண்டு மஞ்சள் திட்டு விழுந்த மரவள்ளியில் ஒருபோதும் தடி வெட்டாதீர்கள்.

போத்தல்கள் திரும்பி வந்தமை

அந்த அக்காவிடம் ஒருநாள், உங்களுடைய அம்மாவின் விதைகள் எங்கே என்று கேட்டேன். “2009 இல ஓடேக்க உறுதியையும் அடையாள அட்டையையும் பொலித்தீனில சுத்தி இடுப்பில கட்டினன். கொட்டைப் போத்தல் அடுப்படிச் சுவரிலயே இருந்தது. அதைத் தூக்கோணும் எண்டு ஆருக்கு நினைவு வரும்?” என்றார். 2010 க்குப் பிறகு மீள்குடியேறியவர்களில் பலருக்கு இதே கதைதான். வீட்டுக்கும் கிணற்றுக்கும் மலசலகூடத்துக்கும் படிவம் இருந்தது. அழிந்துபோன விதையை எந்தப் படிவமும் கேட்கவில்லை.

2024 இல் மாதர் சங்கக் கூட்டத்தில் நாங்கள் செய்தது சிறிய வேலைதான். யார் வீட்டில் இன்னும் நாட்டு விதை இருக்கின்றது என்று விசாரித்தோம். இடம்பெயராத உறவுகள் இருந்த சில வீடுகளில் நாட்டுக் கத்தரியும், நீளப் பயற்றையும், பசளியும், ஒரு சிறகவரைக் கொடியும் கிடைத்தன. அவற்றைச் சங்கத்தின் சிறிய அலுமாரியில் போத்தல்களில் வைத்திருக்கின்றோம். ஒரு சிரட்டை எடுப்பவர் போகம் முடிய இரண்டு சிரட்டை திருப்பித் தர வேண்டும் என்பது அவர்களே வைத்த விதி. முதல் வருடம் இரண்டு பேர் திருப்பித் தரவில்லை. அதற்காகக் கூட்டத்தில் ஒரு சண்டையும் நடந்தது. அக்கா இந்த முறை வளவின் முன்பக்கம் கலப்பினத் தக்காளி வாங்கி நட்டிருக்கின்றார், சந்தைக்கு. கிணற்றடியில் சங்கத்து விதையில் முளைத்த கத்தரி நிற்கின்றது. அதில் இரண்டு மரங்களில் சிவப்புத் துணி கட்டியிருக்கின்றார்.

உங்கள் ஊரில் நாட்டு விதை ஒன்றும் கிடைக்காவிட்டால், அருகிலுள்ள விவசாயப் போதனாசிரியர் அலுவலகத்திலும் விவசாயத் திணைக்களத்தின் விதை விற்பனை நிலையங்களிலும் விதை எடுக்கக்கூடிய வர்க்கம் வேண்டுமென்று கேளுங்கள். நாட்டுப் பயிர்களின் விதைகளைக் குளிரில் பேணும் நிலையம் ஒன்று பேராதனைக்கு அருகே கன்னொறுவையில் 1988 முதல் இயங்குகின்றது. கரட், பீற்றூட், கோவா ஆகியவற்றில் மட்டும் விதை எடுக்க முயன்று களைக்க வேண்டாம். அவை பூப்பதற்குக் குளிர் வேண்டும். எமது வெயிலில் இலையும் கிழங்கும் தரும், விதை தராது. அவற்றுக்குப் பைக்கற்றுத்தான் வாங்க வேண்டும், திகதியைப் பார்த்து வாங்குங்கள்.